தாடை மூட்டு வலி: பற்களை அராவச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன். வாயைத் திறந்து பேசுவதே என் தொழில் என்பதால், கடந்த ஐந்து மாதங்களாக எனக்கு இருக்கும் தொல்லை என்னை மிகவும் கலங்க வைத்திருக்கிறது.

தொடக்கத்தில் வலது காதுக்கு முன்னால், வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. வலி இல்லாததால் அதை நான் பொருட்படுத்தவில்லை. பின்னர் காலையில் எழும்போதே கன்னம் இறுகிப்போய், கன்னப்பொட்டில் தலைவலியும் வரத் தொடங்கியது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போலவும் இருந்ததால், முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் செய்து பார்த்தேன். காதில் எந்தக் குறையும் இல்லை, தாடை மூட்டைக் காட்டுங்கள் என்று அவர் சொன்னார். அதுவரை அப்படி ஒரு மூட்டு தனியாக நோகும் என்பதே எனக்குத் தெரியாது.

ஏழு கிழமைகளுக்கு முன்னர் ஒரு நாள் காலையில் பாணைக் கடிக்க வாய் திறந்தபோது, பாதியில் ஏதோ தடுத்தது போல நின்றுவிட்டது. அன்றிலிருந்து "டிக்" சத்தம் இல்லை; அதற்குப் பதிலாக வாயே முழுமையாகத் திறக்க மறுக்கிறது. இரண்டு விரல்களை மேல் கீழாக வைத்தால் பற்களுக்கிடையில் மட்டுமட்டாக நுழைகின்றன. கொட்டாவி வந்தால் பயமாக இருக்கிறது. திறக்கும்போது நாடி வலது பக்கமாகச் சரிந்து போவதைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இதற்காக நான் சென்ற தனியார் பல் சிகிச்சை நிலையம் ஒன்றில், என் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதமே பிழை என்றும், சில பற்களை அராவிச் சமப்படுத்தி, எட்டுப் பற்களுக்கு உறை போட்டால்தான் மூட்டு சரியாகும் என்றும் சொன்னார்கள். செலவு பல இலட்சம் ரூபாய். அந்தப் பற்களில் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. என் கணவர் கடன் எடுத்தாவது செய்துவிடலாம் என்கிறார். எனக்கோ நல்ல பல்லை அராவக் கொடுக்க மனம் வரவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பதும் இனி முடியாது. சாட்சியின் வாக்குமூலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கன்னம் பிடித்துக்கொள்கிறது, வசனத்தை நடுவில் நிறுத்தவேண்டி வருகிறது. ஒருவருடைய விடுதலை தங்கியிருக்கும் இடத்தில் என் சொல் தடுமாறக்கூடாது என்பதுதான் என் முதற் கவலை.

இந்த நோயை அனுபவித்தவர்களோ அதைப் பற்றி அறிந்தவர்களோ இருந்தால், கொழும்பில் எவ்வகை வைத்தியரிடம் முதலில் போவது, எந்தச் சிகிச்சையை ஏற்பது, எதை மறுப்பது என்று தயவுசெய்து எழுதுங்கள்.


பதில்: வெள்ளவத்தைவாசி

பிள்ளை, உங்கள் பதிவை வாசித்தவுடன் என் 2016ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. எனக்கு இப்போது 61 வயது. நீங்கள் எழுதியிருக்கும் அதே கதை, எனக்கு இடது பக்கத்தில் நடந்தது. முதலில் சத்தம், பிறகு ஒருநாள் சத்தம் நின்று வாய் பூட்டிக்கொண்டது. என்னால் ஒரு தோடம்பழச் சுளையைக்கூட முழுதாக வாய்க்குள் வைக்க முடியவில்லை. மூன்று மாதங்கள் கழித்து நான் இயல்பாக உண்ணத் தொடங்கினேன். சத்திரசிகிச்சை எதுவும் செய்யவில்லை, ஒரு பல்லையும் அராவவில்லை. அதனால், பற்களில் கை வைக்க அவசரப்படவேண்டாம் என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன். அராவிய பல் திரும்ப வளராது.

எனக்கு உதவியது என்னவென்று சொல்கிறேன். என்னைப் பார்த்த வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முன்னர் ஒரு சாதாரண பிளாஸ்ரிக் அடிமட்டத்தை எடுத்து, மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனிவரை அளந்தார். 24 மில்லிமீற்றர். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 40 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும் என்றார். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் காலையில், அதே அடிமட்டத்தால், கண்ணாடிக்கு முன்னால் நின்று அளந்து எழுதினேன். வலி ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அதை மட்டும் நம்பினால் மனம் சோர்ந்துவிடும். அந்தக் கொப்பியிலோ 24, 24, 26, 27, 27, 30 என்று எண்கள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. அதுதான் என்னைப் பயிற்சியில் நிறுத்தி வைத்தது.

இரண்டாவது, பகலில் நான் பற்களைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தது. இதை நான் முதலில் நம்பவில்லை. இரவில் பல்லை நறுமுவதாக என் மனைவி சொல்லியிருக்கிறார். பகலில் அப்படி ஏதும் இல்லை என்று வாதாடினேன். வைத்தியர் ஒரு சிறிய சிவப்பு ஒட்டுப் பொட்டைக் கைக்கடிகாரத்தில் ஒட்டச் சொன்னார். அதைக் காணும் ஒவ்வொரு முறையும் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். முதல் நாள், பார்த்த நேரமெல்லாம் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. கணக்குப் பார்க்கும்போது, காலி வீதியில் வாகனம் ஓட்டும்போது, செய்தி கேட்கும்போதுகூட. உண்ணும்போதும் விழுங்கும்போதும் தவிர மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய தேவையே இல்லை என்பதை 50 வயது கடந்த பின்னர்தான் கற்றுக்கொண்டேன். உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்கவேண்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இலேசாகத் தங்கவேண்டும். "ன" என்று சொல்லத் தொடங்கி நிறுத்தினால் நாக்கு இருக்கும் இடம்தான் அது.

உணவு விடயத்தில் ஆறு கிழமைகள் கண்டிப்பாக இருந்தேன். இடியப்பமும் சொதியும், குழைத்த சோறும் பருப்பும், கஞ்சி, அவித்த மீன், பப்பாசி. பாணின் கரை, கொத்து ரொட்டி, முறுக்கு, கச்சான், கொய்யா, சூயிங்கம் எல்லாவற்றையும் விட்டேன். காலையும் இரவும் துவாயைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் 15 நிமிடங்கள் வைத்தேன். அதன் பின்னர்தான் பயிற்சி. சூடு கொடுக்காமல் இழுத்தால் தசை எதிர்த்துக்கொண்டது.

நீங்கள் செய்யும் தொழிலைப் பற்றி ஒரு சந்தேகம். வாக்குமூலத்தைக் கேட்டு நினைவில் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் உங்கள் பற்கள் என்ன செய்கின்றன என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். உங்கள் தாடை களைப்பது பேசும்போது அல்ல, கேட்கும்போது என்று எனக்குத் தோன்றுகிறது.


பதில்: பல் வைத்தியர் (அரச சேவை)

வணக்கம் சகோதரி. நேரில் பரிசோதிக்காமல் நோயை உறுதியாகச் சொல்வது முறையல்ல. ஆயினும் நீங்கள் இவ்வளவு தெளிவாக விவரித்திருப்பதால் பொதுவான விளக்கத்தைத் தர முடியும்.

இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால், கீழ்த்தாடையின் உருண்டைத் தலை அசைவதை உணரலாம். முழங்காலைப் போல ஓரிடத்தில் நின்று மடங்குவதோடு இது நிற்பதில்லை. முதலில் சுழன்று, பிறகு முன்னால் வழுக்கிச் செல்கிறது. தாடையின் அந்தத் தலைக்கும் மண்டையோட்டு எலும்புக்கும் இடையில் நார்த்தன்மையான ஒரு சிறிய தட்டு மெத்தை போல இருந்து, தலையுடன் சேர்ந்து முன்னும் பின்னும் போகிறது. அந்தத் தட்டு தன் இடத்தை விட்டு முன்னால் விலகியிருந்தால், வாய் திறக்கும்போது தலை அதன் மேல் ஏறும் கணத்தில் "டிக்" என்கிறது. தலை அதன் மேல் ஏற முடியாமல் போகும் நாளில், கதவுக்கு அடியில் செருகிய மரத்துண்டைப் போலத் தட்டு வழியை மறித்துக்கொள்கிறது. அப்போது சத்தம் நிற்கும், வாய் பாதியில் நிற்கும், நாடி நோயுள்ள பக்கத்துக்குச் சரியும். நீங்கள் சொன்ன மூன்றும் இதனுடன் ஒத்துப்போகின்றன. இதில் பயப்படுவதற்கு இருப்பதைவிட ஆறுதல் கொள்வதற்கே அதிகம் இருக்கிறது. தட்டு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலும், அதற்குப் பின்னாலுள்ள இழையம் காலப்போக்கில் சுமையைத் தாங்கப் பழகிக்கொள்வதால், பெரும்பாலானவர்களுக்கு வலி குறைந்து வாயும் திறக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்தால், எந்த வலியும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு விலகியே இருக்கிறது. எனவே படத்தில் தெரிவதைத் திருத்துவது நம் நோக்கம் அல்ல. வலியில்லாமல் வாய் திறந்து, உண்டு, பேச வேண்டும் என்பதே நோக்கம்.

காது அடைப்புக்கும் காரணம் இருக்கிறது. மூட்டுக்கும் காதுத் துவாரத்துக்கும் இடையில் இருப்பது மெல்லிய எலும்பு மட்டுமே. இரண்டு இடங்களின் உணர்ச்சியையும் ஒரே நரம்பின் கிளைகள் கொண்டு செல்கின்றன. அதனால்தான் பல நோயாளிகள் முதலில் காது வைத்தியரிடம் போகிறார்கள். அவர் உங்களைச் சரியான திசையில் அனுப்பியிருக்கிறார்.

இனிப் பற்களை அராவுவதைப் பற்றி. 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரைச் சேர்ந்த கொஸ்ரன் என்னும் காது வைத்தியர், கடைவாய்ப் பற்கள் இழந்தவர்களின் காது வலிக்கும் மூட்டு வலிக்கும் கடியின், அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தின், கோளாறே காரணம் என்று எழுதினார். அந்தக் கருத்து பல் வைத்தியத்தில் ஆழ வேரூன்றியது. பல தலைமுறைப் பல் வைத்தியர்கள் கடியைத் திருத்தினால் மூட்டு குணமாகும் என்று நம்பிப் பற்களை அராவினார்கள், உறை போட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ சஞ்சிகையில் வெளியான வழிகாட்டல், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட தாடை மூட்டு வலிக்கு எவற்றை முதலில் கொடுக்கவேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. நோயைப் பற்றிய விளக்கமும் ஆறுதலும், வீட்டுப் பயிற்சி, பயிற்றப்பட்டவரின் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கையால் தசையையும் மூட்டையும் இளக்குதல், மன இறுக்கத்தையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைக்கிறது. மீளமுடியாத மாற்றத்தை ஏற்படுத்தும் வாய்த்தகடுகளையும் தட்டை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையையும் வலுவாக எதிர்க்கிறது. சொத்தையில்லாத எட்டுப் பற்களுக்கு மூட்டு வலிக்காக உறை போடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். என் சொந்தத் தங்கைக்கும் இதையே சொல்வேன்.

கொழும்பில் எங்கே போவது என்றால், கொழும்பு 7, வோர்ட் பிளேசில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கு முதலில் போங்கள். வெளிநோயாளர் பிரிவில் பதிந்து, வாய் திறக்க முடியாமை இத்தனை கிழமைகளாக இருக்கிறது என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். தேவைக்கேற்ப வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடமோ பல் மீளமைப்பு நிபுணரிடமோ அனுப்புவார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இந்த நோயில் அவர்கள் கத்தி எடுப்பது மிகவும் அரிது. அரச வைத்தியசாலை என்பதால் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காலையில் நேரத்தோடு போகவேண்டும். நீதிமன்றத்தில் ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொள்ளுங்கள். இயன்மருத்துவருக்கான (பிசியோதெரபிஸ்ற்) கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், அதை வைத்தியர் தானாகத் தருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள். அதில் தட்டு தெரியாது. எலும்பு, ஞானப்பல், சீழ் போன்றவை தெரியும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. பயிற்சியால் சில கிழமைகளில் முன்னேற்றம் இல்லாவிட்டால், இரண்டு ஊசிகளால் மூட்டின் உள்ளே திரவம் செலுத்திக் கழுவும் சிறு சிகிச்சை இருக்கிறது. அது பயிற்சி தோற்ற பின்னர் யோசிக்க வேண்டியது.

வலி மாத்திரை குறித்து ஓர் எச்சரிக்கை. டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை சில நாட்களுக்கு உதவலாம், ஆனால் வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. நம் நாட்டில் டெங்கு இருப்பதால், காய்ச்சல் வந்த நாளில் இவற்றை ஒருபோதும் தொடாதீர்கள். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

எல்லாத் தாடை வலியும் மூட்டு வலி அல்ல என்பதால், இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சில சொல்கிறேன். வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்கு வாய் சிறுகச் சிறுகச் சுருங்கி, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்திருந்தால், அது புற்றுநோயாக மாறக்கூடிய வேறொரு நோய், உடனே காட்டவேண்டும். பாக்குப் பொதிகள் கடைக்குக் கடை தொங்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 50 வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை களைத்து நொந்து, கன்னப்பொட்டும் உச்சந்தலையும் தொட்டாலே வலித்தால், அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். கண்பார்வை பறிபோகும் முன்னர், அதே நாளில் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலுடன் தாடை வலித்தால் பல் வைத்தியரைத் தேடாமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள்.


பதில்: தெஹிவளை அக்கா

டொக்டர் சொன்னவற்றை மதிக்கிறேன், ஆனால் இரவில் பற்களின் மேல் போடும் தகடான நைட் கார்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு இரவில் பல் நறுமும் பழக்கம் பல வருடங்களாக இருக்கிறது. ஒரு கடைவாய்ப் பல் விளிம்பிலிருந்து உடைந்தும் போனது. மேற்பற்கள் முழுவதையும் மூடும் கடினமான அக்கிரிலிக் தகடு ஒன்றை அச்செடுத்துச் செய்து தந்தார்கள். அதைப் போட்டுப் படுக்கத் தொடங்கிய மூன்றாவது கிழமையிலிருந்து காலைத் தலைவலி எனக்குக் குறைந்தது. அதற்கு முன்னர் இணையத்தில் வாங்கிய, சுடுநீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மென்மையான தகட்டைப் பயன்படுத்தியிருந்தேன். அதைச் சூயிங்கம் போல இரவெல்லாம் மென்றிருக்கிறேன் என்பது காலையில் அதன் மேலிருந்த பல் தடங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலியும் கூடியிருந்தது. தங்கச்சி, அந்த வகையை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.


பதில்: பல் வைத்தியர் (அரச சேவை)

அக்கா சொல்வது நியாயம், நான் விட்டுவிட்டேன். அதே 2023 வழிகாட்டல், கழற்றக்கூடிய தகடுகளையும் வலிக்கான முதற் சிகிச்சையாக எடுக்க வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது. ஆனால் அதை நிபந்தனையுடன்தான் சொல்கிறது, மீளமுடியாத மாற்றத்தை ஏற்படுத்தும் தகடுகளை மறுப்பது போன்ற உறுதியுடன் அல்ல. இரவில் பல் நறுமி, பல் தேய்ந்தோ உடைந்தோ போகிறவருக்குத் தகடு பற்களைக் காக்கும், சிலருக்கு வலியும் குறையும். போட வேண்டுமானால் அக்கா விவரித்தது போன்ற, எல்லாப் பற்களையும் மூடும் கடினமான தகடே நல்லது. முன்பற்களை மட்டும் மூடும் சிறிய தகடுகளை நெடுநாள் அணிந்தால், மூடப்படாத பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடலாம். பகலில் கடிக்கும் பழக்கத்தை எந்தத் தகடும் நிறுத்தாது. வெள்ளவத்தை ஐயாவின் சிவப்புப் பொட்டுதான் அதற்கு மருந்து.


கேள்வி கேட்டவரின் பதில்: கொட்டாஞ்சேனை வாசகி (பத்துக் கிழமைகளின் பின்னர்)

உங்கள் மூவருக்கும் இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். சொல்வதற்கு ஏதாவது இருக்கும்போது எழுதலாம் என்று காத்திருந்தேன்.

உங்கள் பதில்களை வாசித்த மறுநாளே உறை போடும் நாளை இரத்துச் செய்தேன். அடுத்த கிழமை தேசிய பல் வைத்தியசாலைக்குப் போனேன். நீண்ட வரிசைதான், ஆனால் என்னைப் பரிசோதித்த வைத்தியர் அவசரப்படவில்லை. இரு பக்க மூட்டுகளையும் கன்னத் தசைகளையும் ஒவ்வோர் இடமாக அழுத்தி, இது பழகிய வலிதானா என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வாய் திறப்பு 27 மில்லிமீற்றர். டொக்டர் இங்கே ஊகித்ததையே அவரும் சொன்னார். எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் கேட்டபடி இயன்மருத்துவருக்குக் கடிதமும் தந்தார்.

இயன்மருத்துவர் சொல்லித் தந்த பயிற்சி மிகவும் எளிமையானது. நாக்கை அண்ணத்தில் வைத்தபடி, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடவேண்டும். ஆறு முறை, நாளுக்கு ஆறு தடவை. இரண்டாவது கிழமையிலிருந்து, பெருவிரலை மேற்பற்களிலும் ஆட்காட்டி விரலைக் கீழ்ப்பற்களிலும் வைத்து, இலேசாக இழுபடும் உணர்வு வரும்வரை திறந்து பிடிக்கச் சொன்னார். நோவு வரும்வரை தள்ளக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நீதிமன்றத்தில் மதிய இடைவேளையில், மொழிபெயர்ப்பாளர்களின் அறை மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று செய்தேன்.

வெள்ளவத்தை ஐயாவின் ஊகத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதவேண்டும். கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் எனக்கு இல்லாததால், குறிப்பெடுக்கும் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். முதல் நாள், காணி வழக்கொன்றில் வயதான ஒரு தாய் சாட்சிக் கூண்டில் நின்று, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். பெயர்கள், ஆண்டுகள், எல்லை வேலி, கிணறு என்று ஒவ்வொன்றாக நான் மனத்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கண் அந்தப் புள்ளியில் பட்டது. என் பற்கள் கல்லைக் கடிப்பது போல இறுகியிருந்தன. கன்னத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், தசை முடிச்சுப் போலத் திரண்டிருந்தது. அந்தத் தாயின் சொல்லில் ஒன்றைக்கூடத் தவறவிட்டுவிடக்கூடாது என்ற பயத்தை நான் பதினோரு வருடங்களாகப் பற்களுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பின்னர் இரண்டு மாற்றங்கள் செய்தேன். கேட்கும்போது முன்பைவிட அதிகமாகக் குறிப்பெடுக்கிறேன், நினைவின் சுமை குறைகிறது. சாட்சி நீளமாகப் பேசினால், பகுதி பகுதியாக நிறுத்திச் சொல்ல அனுமதிக்குமாறு கனம் நீதவானிடம் கேட்கிறேன். இதுவரை ஒருமுறைகூட மறுக்கப்படவில்லை. இதை நான் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அளவுகள்: 27, 27, 28, 30, 30, 29, 33, 35, 36. ஆறாவது கிழமை குறைந்ததற்குக் காரணம், உறவினர் வீட்டுக் கலியாணத்தில் மாமி வற்புறுத்தியதால் முறுக்கு உண்டது. இரண்டு நாட்கள் கன்னம் வீங்கியது போல இருந்தது. இப்போது மூன்று விரல்கள் சற்றே இறுக்கமாக நுழைகின்றன. காலைத் தலைவலி கிழமையில் ஒரு நாள் வருகிறது, முன்பு ஒவ்வொரு நாளும் வந்தது. காது அடைப்பு போய்விட்டது. இடைக்கிடை மணலை அரைப்பது போன்ற ஒரு மெல்லிய ஒலி கேட்கிறது. வலி இல்லாத ஒலிக்குச் சிகிச்சை தேவையில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள், நானும் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன்.

தெஹிவளை அக்கா சொன்ன கடினமான தகட்டைப் பற்றியும் கேட்டேன். என் பற்களில் தேய்வு இல்லாததால் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த கிளினிக் நாளில் அளவையும் காலைத் தலைவலியையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார்கள். அது அடுத்த மாத நடுப்பகுதியில். போய் வந்து இதே இடத்தில் எழுதுகிறேன்.